பையில் ஒரு பாட்டுப்பெட்டி: வாசகர் கேள்விகளும் பதில்களும்

பையில் போட்டுக்கொண்டு போகிற மியூசிக் பிளேயர் பற்றி என்ன சந்தேகம் இருந்தாலும் எழுதுங்கள் என்று போன இதழில் கேட்டிருந்தேன். எழுதிய எல்லோருக்கும் நன்றி. என்னைப் பற்றி இரண்டு வரி: 1987-ல் மதுரை டவுன்ஹால் ரோடு பக்கம் ஒரு ரெக்கார்டிங் சென்டரில் வேலைக்குச் சேர்ந்தேன். நோட்டுத் தாளில் பாட்டு வரிசை எழுதிக்கொண்டு வருவார்கள். 60 நிமிடக் கேசட்டா, 90 நிமிடக் கேசட்டா என்று கேட்டு வாங்கி, பதிந்து, இரண்டு நாளில் கொடுப்போம். கேசட் போய் சிடி வந்து, சிடியும் போனபோது ரிப்பேர் வேலைக்கு மாறினேன். இன்றுவரை அதே வேலைதான்.

என் அம்மாவுக்கு 74 வயது. கண்ணில் புரை அறுவை சிகிச்சை முடிந்திருக்கிறது. காலையில் கவசமும் சுப்ரபாதமும், மதியம் உபன்யாசமும் கேட்க வேண்டும். செல்போனில் போட்டுக் கொடுத்தால் எதையோ தொட்டு யாருக்கோ போன் போய்விடுகிறது. அவருக்கு எந்த பிளேயர் வாங்கலாம்? – காரைக்குடி வாசகி

தொடுதிரை வேண்டாம். அழுத்தினால் 'டக்' என்று விரலுக்குத் தெரிகிற பட்டன் இருக்க வேண்டும். கடைக்கு அம்மாவையும் கூட்டிப்போங்கள். அவர் கண்ணை மூடிக்கொண்டு பிளே பட்டன் எது, சத்தம் கூட்டுவது எது என்று தடவிக் கண்டுபிடிக்கிறாரா என்று பாருங்கள். எல்லாப் பட்டனும் வழவழவென்று ஒரே மட்டத்தில் இருந்தால் அந்த மாடலை அங்கேயே வைத்துவிடுங்கள். வீட்டுக்கு வந்ததும் பிளே பட்டனில் நெயில் பாலிஷ் ஒரு சொட்டு வைத்துக் காயவிடுங்கள். மேடாக நிற்கும், விரல் தானே அங்கே போகும்.

அடுத்து, உபன்யாசம் கேட்பவர்களுக்கு மிக முக்கியமான ஒன்று. ஒன்றரை மணி நேரப் பேச்சை நாற்பதாவது நிமிடத்தில் நிறுத்திவிட்டுச் சாப்பிடப் போவார். திரும்பப் போடும்போது நிறுத்திய இடத்திலிருந்து தொடர வேண்டும். சில மலிவு பிளேயர்கள் அணைத்து எழுப்பினால் முதல் பாட்டிலிருந்து ஆரம்பிக்கும். இதைக் கடையிலேயே செய்து பாருங்கள்: போடுங்கள், நடுவில் அணையுங்கள், ஒரு நிமிடம் கழித்து எழுப்புங்கள்.

அப்புறம், பாட்டு வரிசை. நிறைய பிளேயர்கள் பெயர் வரிசையில் பாடுவதில்லை. கார்டில் எது முதலில் ஏறியதோ அதை முதலில் பாடும். ஆகவே கோப்புகளின் பெயருக்கு முன்னால் 01, 02 என்று எண் போட்டு, அதே வரிசையில் ஒவ்வொன்றாக ஏற்றுங்கள். தமிழில் பெயர் வைத்தால் பழைய பிளேயர்களில் கட்டம் கட்டமாகத் தெரியும். அம்மா திரையைப் படிக்கப்போவதில்லை என்றால் அதைப் பற்றிக் கவலை இல்லை.

திரைக்குப் பதிலாக நான் என் அத்தைக்குச் செய்து கொடுத்ததைச் சொல்கிறேன். ஒவ்வொரு தொகுப்புக்கும் முன்னால் ஐந்து விநாடிக் கோப்பு ஒன்றைச் சேர்த்தேன். அத்தையின் பேத்தியை விட்டு, "அப்பத்தா, அடுத்தது சுப்ரபாதம்" என்று செல்போனில் பேசிப் பதியச் சொன்னேன். அத்தை அடுத்த பட்டனைத் தட்டிக்கொண்டே வருவார். பேத்தி குரல் சொல்லும். வேண்டியது வந்ததும் நிறுத்திக்கொள்வார். திரையே தேவைப்படவில்லை. உங்கள் குரலிலேயே பதிந்து கொடுங்கள்.

சரிகமவின் கேரவான் வாங்கலாமா என்றும் கேட்டிருக்கிறீர்கள். 2017-ல் வந்தது, 5000 பாட்டு உள்ளேயே இருக்கும், தமிழுக்குத் தனிப் பதிப்பு உண்டு. ஹாலில் மேஜைமேல் வைத்து வீடே கேட்க அது நல்ல பெட்டி. பென் டிரைவ் செருகவும் இடம் இருக்கிறது. ஆனால் அம்மா கொல்லைப்புறம், கோயில், மகள் வீடு என்று கையோடு கொண்டுபோக வேண்டுமென்றால் சட்டைப்பை அளவில் இருப்பதுதான் சரி. சார்ஜ் துளை டைப்-சி ஆக இருந்தால் நல்லது. எப்படிப் போட்டாலும் நுழையும். தலைகீழாகத் திணித்து உடைக்க வாய்ப்பில்லை. ஒன்று கவனியுங்கள்: மலிவான சில பிளேயர்கள் இரு பக்கமும் டைப்-சி உள்ள ஒயரில் சார்ஜ் ஏறாது. ஒரு முனை பழைய தட்டை யூஎஸ்பியாக உள்ள ஒயரைப் போட்டால் ஏறும். பிளேயர் செத்துவிட்டது என்று என்னிடம் தூக்கிக்கொண்டு வந்தவற்றில் சிலதுக்கு இந்த ஒயரை மாற்றியதைத் தவிர வேறெதுவும் செய்யவில்லை.

லாரி ஓட்டுகிறேன். குவாஹாட்டி வரைக்கும் போவோம். 64 ஜிபி கார்டில் நாலாயிரம் பாட்டு ஏற்றினேன். பாதிக்கு மேல் பாடவில்லை, சிலது நடுவில் கீச்சென்று கத்துகிறது. பிளேயரும் அடிக்கடி சூடாகி நின்றுபோகிறது. – நாமக்கல் வாசகர்

அண்ணே, உங்களுக்கு இரண்டு தனித்தனிப் பிரச்சினை. முதலில் கார்டு. அது போலி என்றுதான் எனக்குப் படுகிறது. உள்ளே 8 ஜிபியோ 16 ஜிபியோதான் இருக்கும். 64 என்று கம்ப்யூட்டருக்குப் பொய் சொல்கிற மாதிரி அமைத்திருப்பார்கள். ஏற்றும்போது எந்தப் பிழையும் காட்டாது, பாட்டுப் பெயரெல்லாம் வரிசையாகத் தெரியும். உள்ளே ஒன்றும் இருக்காது. கார்டு வாங்கிய அன்றே அதை முழுக்க நிரப்பி, திரும்ப கம்ப்யூட்டரில் இறக்கிப் பார்க்க வேண்டும். இதற்கென்றே இலவச மென்பொருள்கள் உண்டு. கம்ப்யூட்டர் வைத்திருக்கிற எந்தப் பையனும் செய்து கொடுப்பான். சோதிக்காத கார்டில் ஒரு பாட்டும் ஏற்றாதீர்கள்.

கார்டு நிஜமாகவே 64 ஜிபியாக இருந்தாலும் இன்னொரு சிக்கல் வரலாம். 32 ஜிபிக்கு மேற்பட்ட கார்டுகள் எக்ஸ்ஃபேட் என்ற முறையில் ஃபார்மேட் ஆகி வருகின்றன. பழைய பிளேயர்களும் நிறைய வண்டி ஸ்டீரியோக்களும் ஃபேட் 32 என்ற பழைய முறையை மட்டும்தான் படிக்கும். உங்களுக்கு 32 ஜிபி கார்டு இரண்டு போதும். 128 கேபிபிஎஸ் தரத்தில் ஒரு நிமிடப் பாட்டு ஏறக்குறைய 1 எம்பி. அப்படியென்றால் ஒரு 32 ஜிபி கார்டிலேயே 500 மணி நேரத்துக்கு மேல் பாடும். குவாஹாட்டி போய் நாமக்கல் திரும்பி வந்தாலும் தீராது.

இப்போது சூடு. வெயிலில் நிறுத்திய வண்டியின் டேஷ்போர்டு 70 டிகிரி வரைக்கும் போகும். லித்தியம் பேட்டரியை 45 டிகிரிக்கு மேல் சார்ஜ் போடக்கூடாது. நீங்கள் கண்ணாடிக்குக் கீழே வைத்து, சிகரெட் லைட்டர் துளையிலிருந்து சார்ஜும் போட்டுக்கொண்டு ஓட்டுகிறீர்கள் என்று எழுதியிருக்கிறீர்கள். பிளேயர் தானாக நின்றுபோவது உங்களைக் காப்பாற்றத்தான். சீட்டுக்குப் பின்னால், நிழலில், காற்றுப் படுகிற இடத்தில் ஒரு துணிப்பை தொங்கவிட்டு அதில் போடுங்கள். சார்ஜை ராத்திரி வண்டி நிற்கும்போது போடுங்கள். பின்பக்கம் கொஞ்சம் புடைத்திருக்கிற மாதிரி தெரிந்தால் அன்றோடு அதை நிறுத்திவிட வேண்டும். அமுக்கிப் பார்க்கக்கூடாது, ஊசியால் குத்தக்கூடாது, குப்பையிலும் போடக்கூடாது. பேட்டரி மாற்றுகிற கடையில் கொடுங்கள்.

கடிதத்தின் கடைசியில், 'நாலாயிரம் பாட்டும் இந்தக் கார்டில் மட்டும்தான் இருந்தது' என்று எழுதியிருக்கிறீர்கள். அந்த வரியைப் படித்ததும் எனக்கு மனசு கஷ்டமாகிவிட்டது. காரணம் சொல்கிறேன்.

என் அப்பத்தா 1992-ல் பாடிய தாலாட்டு ஒன்று என்னிடம் இருந்தது. தங்கச்சி பிள்ளையைத் தொட்டிலில் ஆட்டிக்கொண்டே பாடியது, கேசட்டில் பதினோரு நிமிடம். தொட்டில் கயிறு உத்தரத்தில் உரசும் சத்தம்கூட அதில் கேட்கும். கேசட் பூஞ்சை பிடிக்க ஆரம்பித்ததும் அதை எம்பி3 ஆக்கி என் பிளேயரில் போட்டுக்கொண்டேன். கேசட்டைப் பிறகு ஒழுங்காகப் பார்க்கவில்லை, நாடா ஒட்டிக்கொண்டு வீணாகிவிட்டது. 2011-ல் பெரியார் பஸ் நிலையத்தில் கூட்டத்தில் ஏறும்போது பிளேயர் சட்டைப்பையிலிருந்து போய்விட்டது. பிளேயர் 900 ரூபாய்தான். ஒரு வாரத்தில் வேறு வாங்கிவிட்டேன். தாலாட்டில் இப்போது மிஞ்சியிருப்பது 28 விநாடி. தங்கச்சி அதை வெட்டி ரிங்டோனாக வைத்திருந்தாள். அந்த 28 விநாடியை இன்றைக்கு ஆறு இடத்தில் வைத்திருக்கிறேன்.

சினிமாப் பாட்டு என்றால் திரும்பக் கிடைத்துவிடும். ஆனால் உங்கள் கார்டில் ஊர்த் திருவிழாவில் பதிந்த கூத்துப் பாட்டும் கொஞ்சம் இருந்தது என்கிறீர்கள். வாங்கிக் கொடுத்தவரிடம் மூலப் பதிவு இருக்கிறதா என்று இன்றைக்கே கேளுங்கள். பழைய கார்டில் மறுபடி எதையும் எழுதாமல் தனியே எடுத்து வையுங்கள். போலிக் கார்டாக இருந்தாலும் முதலில் ஏற்றியவற்றில் சில தப்பியிருக்கலாம்.

போட்டித் தேர்வுக்குப் படிக்கிறேன். போனை வீட்டில் வைத்துவிட்டு நூலகம் போக ஆசை. பாட்டும், நான் பதிந்த வகுப்புகளும் கேட்க வேண்டும். 3000 ரூபாய்க்குள் புதுசு வாங்கவா, அல்லது பழைய ஐபாட் கிளாசிக் ஒன்று விலைக்கு வருகிறது, அதை எடுக்கவா? – கோயம்புத்தூர் வாசகர்

தம்பி, ஐபாட் அழகான பொருள்தான். 2001 அக்டோபரில் முதல் ஐபாட் அறிமுகமானபோது அந்தச் சக்கரத்தைச் சுற்றிப் பாட்டுத் தேடுகிற வித்தை எங்கள் தொழிலில் எல்லோரையும் வாய்பிளக்க வைத்தது. ஆனால் அந்த வரிசை முழுவதையும் ஆப்பிள் 2022 மே மாதத்தோடு முடித்துக்கொண்டது. நீங்கள் சொல்கிற கிளாசிக் மாடல் 2014-லேயே நின்றுவிட்டது. அதற்குள் இருப்பது சுழல்கிற ஹார்டு டிஸ்க். பத்து வருடம் தாண்டிய டிஸ்க், பத்து வருடம் தாண்டிய பேட்டரி. காதருகில் வைத்துக் கேளுங்கள். பாட்டு மாறும்போது 'டிக், டிக்' என்று உள்ளிருந்து சத்தம் வந்தால் டிஸ்க் போகப்போகிறது. பாட்டு ஏற்ற ஐடியூன்ஸ் மாதிரி ஆப்பிளின் மென்பொருள் வேண்டும். கோப்பை இழுத்துப் போட்டால் பாடாது. திறந்து, டிஸ்க்குக்குப் பதில் மெமரி கார்டு பொருத்தி, பேட்டரி மாற்றி வைத்துக்கொள்கிற ரசிகர்கள் இருக்கிறார்கள். அது ஒரு தனிச் சந்தோஷம். தேர்வு முடிந்தபிறகு செய்யுங்கள்.

இப்போதைக்கு மெமரி கார்டு போடுகிற, பட்டன் உள்ள சாதாரண பிளேயர் போதும். கடைக்குப் போகும்போது உங்கள் இயர்போனையும், உங்களுக்கு அத்துப்படியான நாலு பாட்டு உள்ள கார்டையும் எடுத்துப் போங்கள். கடைக்காரர் போட்டுக் காட்டும் பாட்டில் எல்லா பிளேயரும் நன்றாகத்தான் இருக்கும். சத்தத்தைக் குறைத்து வைத்து, பாட்டு ஆரம்பிக்கும் முன் உள்ள அமைதியைக் கவனியுங்கள். அங்கே 'உஸ்ஸ்' என்று இரைச்சல் கேட்டால் நூலக அமைதியில் அது உங்களைப் படுத்தும்.

வகுப்புகளுக்கு 64 கேபிபிஎஸ் மோனோ தாராளம். ஒரு மணி நேரம் 29 எம்பிதான் வரும். பாட்டுக்கு 256 அல்லது 320 வைத்துக்கொள்ளுங்கள். 128-ல் இருக்கிற பாட்டை 320 ஆக்கிப் புண்ணியமில்லை. இடம்தான் அடைக்கும், போனது திரும்பாது. தரம் குறையாமல் சுருக்குகிற ஃபிளாக் கோப்பு வேண்டுமா என்றால், உங்களிடம் சிடி இருந்து நீங்களே மாற்றுவதானால் சரி. ப்ளூடூத் இல்லாவிட்டாலும் பாதகமில்லை. ஒயர் இயர்போனுக்குச் சார்ஜ் தேவையில்லை. எஃப்எம் கேட்க அந்த ஒயர்தான் ஏரியல். இயர்போன் செருகாமல் எஃப்எம் இரைகிறது என்று பிளேயரைத் திருப்பிக் கொடுத்தவர்களையும் பார்த்திருக்கிறேன்.

படகில் கொண்டுபோகிறேன். ஆறு மாதத்துக்கு ஒரு பிளேயர் போகிறது. இயர்போன் துளையில் பச்சையாகப் பிடித்து ஒரு பக்கம்தான் கேட்கிறது. போன வாரம் கடல் தண்ணீரில் விழுந்ததை அரிசியில் போட்டு வைத்திருக்கிறேன். – நாகப்பட்டினம் வாசகர்

முதலில் அரிசியிலிருந்து எடுங்கள். அரிசி ஈரத்தை இழுப்பதைவிட, அதன் மாவு துளைக்குள் போவதுதான் அதிகம். அதோடு உங்கள் எதிரி தண்ணீர் இல்லை, உப்பு. தண்ணீர் காய்ந்தபிறகும் உப்பு உள்ளேயே உட்கார்ந்து, காற்றில் இருக்கிற ஈரத்தை இழுத்து இழுத்துச் செம்பைத் தின்னும். கடல் தண்ணீரில் விழுந்ததை உடனே அணைத்து, திறக்கத் தெரிந்தவரிடம் அன்றைக்கே கொடுக்க வேண்டும். நாங்கள் பேட்டரியைக் கழற்றிவிட்டு, போர்டைச் சுத்தமான காய்ச்சி வடித்த தண்ணீரில் அலசி, பிறகு ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலில் மென்மையான பிரஷ்ஷால் தேய்த்து உலர்த்துவோம். ஒரு வாரம் ஆகிவிட்டது என்றால் பாதி வாய்ப்புதான். ஆனாலும் சார்ஜ் போட்டுச் சோதிக்காமல் அப்படியே கடைக்குக் கொண்டுபோங்கள். ஈரமும் உப்பும் இருக்கும்போது கரண்ட் கொடுத்தால் மிச்சமும் போய்விடும்.

'வாட்டர்புரூஃப்' என்று எழுதியிருந்ததை நம்பி வாங்கினேன் என்கிறீர்கள். ஐபிஎக்ஸ்7 என்று போட்டிருந்தால், 1 மீட்டர் ஆழத்தில் 30 நிமிடம் நல்ல தண்ணீரில் சோதித்தார்கள் என்று பொருள். கடலுக்கு அது பொருந்தாது.

படகுக்கு என் யோசனை: செல்போனுக்கு விற்கிற, வாய் மடித்துப் பூட்டுகிற பிளாஸ்டிக் உறை. அதற்குள் பிளேயரோடு சிலிக்கா ஜெல் பொட்டலம் இரண்டு. செருப்புப் பெட்டியில் வருமே, அதேதான். இயர்போன் துளைக்கு ரப்பர் மூடி கிடைக்கும். கரைக்கு வந்ததும் இயர்போன் பின்னை ஆல்கஹால் தொட்ட பஞ்சால் ஒரு துடை. அந்தப் பச்சை ஏறாது. இப்போது பிடித்திருப்பதை ஊசியால் சுரண்டாதீர்கள், உள்ளே இருக்கிற தகட்டின் வளைவு கெட்டுவிடும். பல்குத்தும் குச்சி நுனியில் ஒரு இழை பஞ்சு சுற்றி, ஆல்கஹாலில் நனைத்து, நாலைந்து தடவை சுழற்றி எடுங்கள். பஞ்சு அழுக்காகாமல் வெளியே வரும்வரை திரும்பச் செய்யுங்கள்.

பொதுவாக எல்லோருக்கும் ஒன்று. பிளேயரைச் சுற்றி இயர்போன் ஒயரை இறுக்கிச் சுற்றுகிற பழக்கத்தை விடுங்கள். ஒயர் அறுவது பெரும்பாலும் பின்னுக்குப் பக்கத்தில் ஒரு அங்குலத்துக்குள்தான். பேனா ஸ்பிரிங் ஒன்றை எடுத்து, பின்னும் ஒயரும் சேர்கிற இடத்தில் திருகி ஏற்றிவிட்டால் அங்கே மடியாது.

என் மகனுக்கு 12 வயது. எந்நேரமும் காதில் மாட்டிக்கொண்டிருக்கிறான். எவ்வளவு நேரம் கேட்கலாம்? – திருநெல்வேலி வாசகி

நேரத்தையும் சத்தத்தையும் சேர்த்துத்தான் பார்க்க வேண்டும். உலக சுகாதார நிறுவனம் பெரியவர்களுக்கு 80 டெசிபல் என்றால் வாரத்துக்கு 40 மணி நேரம் என்கிறது. 90 டெசிபல் ஆனால் வாரத்துக்கே 4 மணி நேரம்தான். குழந்தைகளுக்கு 75 டெசிபல், 40 மணி நேரம். வீட்டில் மீட்டர் இருக்காது. அவன் கேட்டுக்கொண்டிருக்கும்போது ஒரு கை தூரத்தில் நின்று சாதாரணக் குரலில் பெயர் சொல்லிக் கூப்பிடுங்கள். திரும்பவில்லை என்றால் சத்தம் அதிகம். நிறைய பிளேயர்களில் உச்ச சத்தத்தைப் பூட்டி வைக்க வழி உண்டு, தேடிப் பூட்டிவிடுங்கள். பஸ்ஸில் போகும்போதுதான் பிள்ளைகள் ஏற்றுவார்கள். காதை நன்றாக அடைக்கிற ரப்பர் முனை உள்ளதாக வாங்கிக் கொடுத்தால் ஏற்ற வேண்டிய தேவை குறையும். சாலையில் நடக்கும்போது, சைக்கிளில் போகும்போது கண்டிப்பாக வேண்டாம். உள்காதில் செத்துப்போகிற மயிர்ச்செல்கள் திரும்ப முளைப்பதில்லை. எங்கள் தொழிலில் இருபது வருடம் ஸ்பீக்கர் முன்னால் உட்கார்ந்தவர்கள் இன்று எதிரே பேசுகிறவரின் வாயைப் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள்.

அப்பா நாதஸ்வரக் கலைஞர். இப்போது 81 வயது, வாசிப்பதில்லை. 1984 முதல் 1991 வரை கல்யாணங்களில் டூ-இன்-ஒன்னில் (ரேடியோவும் கேசட்டும் சேர்ந்த பெட்டி) பதிந்த 11 கேசட் இருக்கிறது. அதை ஒரு சின்ன பிளேயரில் போட்டு அவர் கையில் கொடுக்க வேண்டும். – தஞ்சாவூர் வாசகர்

இந்தக் கடிதத்தை நான் மூன்று தடவை படித்தேன். நிதானமாகச் செய்யுங்கள், இந்தப் பதினொன்றுக்கும் வேறு பிரதி இல்லை.

முதல் வேலை, கேசட்டின் பின்விளிம்பில் இருக்கிற இரண்டு சின்ன பிளாஸ்டிக் மடிப்புகளையும் உடைத்துவிடுங்கள். கை தவறி ரெக்கார்டு பட்டன் பட்டாலும் அழியாது. பிறகு வெளிச்சத்தில் வைத்து, கண்ணாடி வழியாக நாடாச் சுருளைப் பாருங்கள். வெள்ளையாகப் பொடி தெரிந்தால் பூஞ்சை. அதை கேசட் டெக்கில் போடாதீர்கள், பூஞ்சை நாடாவைப் படிக்கிற ஹெட்டில் ஒட்டி அடுத்த கேசட்டுக்கும் போகும். சுத்தமாக இருப்பதையும் நேரே பாடவிட வேண்டாம். ரெனால்ட்ஸ் பேனாவைப் பல்சக்கரத்தில் விட்டு மெதுவாக முழுதும் சுற்றுங்கள். வருடக்கணக்கில் சுற்றிக் கிடந்த நாடா ஒன்றோடொன்று ஒட்டியிருந்தால் கையில் தெரியும். மோட்டாருக்குத் தெரியாது, இழுத்து அறுத்துவிடும்.

நாடாவுக்குப் பின்னால் ஒரு செம்புத் தகட்டில் சின்ன பஞ்சுத் துண்டு ஒட்டியிருக்கும். நாடாவை ஹெட்டோடு அழுத்திப் பிடிப்பது அதுதான். பழைய கேசட்டுகளில் பசை காய்ந்து அது உதிர்ந்துவிடுகிறது; சத்தம் மங்கலாக, ஏறி இறங்கிக் கேட்கும். வேண்டாத கேசட்டின் கூட்டைத் திருகு கழற்றித் திறந்து, அப்பாவின் நாடாச் சுருளை அதற்குள் மாற்றிவிடலாம். பழக்கமில்லையென்றால் ரிப்பேர்க்காரரிடம் போங்கள். ஆனால் கேசட்டை விட்டுவிட்டு வராதீர்கள், கூடவே உட்காருங்கள்.

பதியும்போது ஒன்று செய்யச் சொல்லுங்கள். ஹெட்டுக்குப் பக்கத்தில் ஸ்பிரிங் போட்ட சின்னத் திருகு ஒன்று இருக்கும். உங்கள் கேசட் எந்த டூ-இன்-ஒன்னில் பதிந்ததோ அதன் ஹெட் சாய்வும், இப்போது பாடுகிற டெக்கின் ஹெட் சாய்வும் ஒன்றாக இருக்காது. பாடவிட்டுக்கொண்டே அந்தத் திருகை மிகக் கொஞ்சமாக இப்படியும் அப்படியும் திருப்பினால், ஒரு இடத்தில் சட்டென்று திரை விலகிய மாதிரி ஜாலராச் சத்தம் பளிச்சென்று வரும். அந்த இடத்தில் நிறுத்தி, அதன் பிறகு பதிய வேண்டும். ஒவ்வொரு கேசட்டுக்கும் புதிதாகப் பார்க்க வேண்டும். முப்பது வருடத்துக்கு முன் மங்கிப்போய்விட்டது என்று நினைத்த கல்யாணக் கச்சேரி அந்தத் திருகில் எழுந்து வந்ததை நான் எத்தனையோ முறை கேட்டிருக்கிறேன். ஒவ்வொரு முறையும் கை நின்றுவிடும்.

கம்ப்யூட்டரில் 44.1 கிலோஹெர்ட்ஸ், 16 பிட், வேவ் கோப்பாகப் பதியுங்கள். 60 நிமிடக் கேசட் ஒன்று ஸ்டீரியோவில் 635 எம்பி வரும். அந்த வேவ் கோப்புகள்தான் மூலப் பிரதி; அவற்றைத் தொடாமல் இரண்டு வேறு ஹார்டு டிஸ்க்கில், இரண்டு வேறு வீட்டில் வையுங்கள். பிளேயருக்கு அதிலிருந்து எம்பி3 எடுத்துக்கொள்ளலாம். கார்டை மட்டும் நம்பக்கூடாது. கரண்ட் இல்லாமல் வருடக்கணக்கில் கிடந்தால் அந்த நினைவகம் மெல்ல மறக்கும்.

இரைச்சலை நீக்குகிறேன் என்று யாராவது சொன்னால் சம்மதிக்காதீர்கள். சீவாளியின் (நாதஸ்வரத்தில் வாய் வைத்து ஊதுகிற பகுதி) கூர்மையும் தவிலின் தொப்பி அடியும் (இடப்பக்க அடி) அந்த இரைச்சலோடு சேர்ந்து போய்விடும். ஊரார் பேச்சு, பந்தியில் கூப்பிடுகிற குரல் எதையும் வெட்டவும் வேண்டாம். அப்பா அதைக் கேட்டுத்தான் எந்த ஊர், யார் வீட்டுக் கல்யாணம் என்று சொல்வார். அவர் சொல்கிறதை அந்த நேரத்திலேயே எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.

மாமா ஜேர்மனியில் இருந்து அனுப்பிய வோக்மன் ஒன்று இருக்கிறது. தொண்ணூறுகளில் பற்றறி தடை செய்யப்பட்ட காலத்தில் சைக்கிள் டைனமோவைச் சுற்றி அதில் பாட்டுக் கேட்டோம். இப்போது வேலை செய்யவில்லை. எறிய மனமில்லை. – யாழ்ப்பாணம் வாசகர்

எறியவே கூடாது. இரண்டு பற்றறிக்கு 3 வோல்ட் கேட்கிற கருவி அது. 6 வோல்ட் டைனமோவை, அதுவும் மாறு மின்சாரத்தை, அதற்கேற்ற மாதிரி இறக்கி நேராக்கிக் கொடுத்து ஓடவைத்த கைக்கு ஒரு பெரிய வணக்கம்.

பற்றறி அறையைத் திறந்து பாருங்கள். வெள்ளையாகவோ பச்சையாகவோ பூத்திருந்தால், அல்கலைன் பற்றறி கசிந்தது என்றால் வினிகர் தொட்ட பஞ்சால் துடைத்து, பிறகு ஆல்கஹாலால் துடையுங்கள். புதுப் பற்றறி போட்டுக் காதில் வைத்தால் மோட்டார் 'ர்ர்' என்கிறதா? அப்படியென்றால் போனது பெரும்பாலும் பெல்ட்தான். ரப்பர் பெல்ட் இத்தனை வருடத்தில் தார் மாதிரி உருகி, சக்கரங்களில் கறுப்பாக அப்பியிருக்கும். விரலில் பட்டால் இரண்டு நாளைக்குப் போகாது. அதை ஆல்கஹாலால் பொறுமையாக முழுதும் துடைத்து எடுத்த பிறகுதான் புது பெல்ட் போட வேண்டும். பழையதன் நீளம் தெரியாததால், தைக்கிற நூலை பெல்ட் போகிற பாதையில் சுற்றி அளந்து, அதைவிடக் கொஞ்சம் குறைவான அளவு கேளுங்கள். இறுக்கம் வேண்டும்.

ஹெட்போன் துளை ஒன்றா, இரண்டா என்று எழுதுங்கள். சோனியின் முதல் வாக்மேன் 1979 ஜூலை 1-ஆம் தேதி ஜப்பானில் விற்பனைக்கு வந்தபோது, இரண்டு பேர் சேர்ந்து கேட்பதற்காக அதில் இரண்டு துளை இருந்தது. உங்களுடையதும் அப்படி என்றால் அது ஆரம்ப கால மாடல். திறக்கும் முன் எனக்கு ஒரு படம் அனுப்புங்கள். உள்ளே கேசட் ஏதாவது மாட்டிக்கொண்டிருந்தால் அதை இழுக்க வேண்டாம். அதன் பக்கத்தில் பேனாவால் என்ன எழுதியிருக்கிறது என்பதையும் சேர்த்து எழுதுங்கள்.